ஃபர்ஸ்ட் பீஸ் தோசை

வெள்ளிக்கிழமை மதியம் மகளின் கணக்கு மிஸ்ஸிடமிருந்து போன்.

"சார், யாழினிக்கு வீட்ல எப்படிக் கணக்கு சொல்லித் தர்றீங்க?"

பாராட்டா, புகாரா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "சமையல் மூலமா, மேடம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஓஹோ... கொஞ்சம் ஸ்கூலுக்கு வந்துட்டுப் போங்க."

போன வாரம்தான் ஆரம்பம். ஏழாவது படிக்கும் யாழினி பின்னக் கணக்கில் ஃபெயில். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதிலும் கோட்டை விட்டால் தினமும் சாயங்காலம் டியூஷன். அதே நேரத்தில்தான் கோ-கோ பயிற்சி. இப்போதுதான் ஸ்கூல் டீமில் இடம் கிடைத்திருக்கிறது. டியூஷன் என்றால் கோ-கோவுக்கு முழுக்கு. பிள்ளை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே அழுதது. எனக்குத் தாங்கவில்லை.

"நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

என் மனைவி செல்வி பென்னலூர்க்காரி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இன்னாத்த சொல்லித் தரப் போறீங்க? நாளைக்கே டியூஷன்ல சேத்து வுடுங்க."

ரோஷம் வராதா? வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் சமையலறை என் இலாகா. என்னிடம் இருக்கும் ஒரே லேபரட்டரி அதுதான். தோசைக்கல்லைப் போட்டேன்.

"அரை தோசை சாப்பிட்ட. அப்புறம் மூணுல ஒரு பங்கு சாப்பிட்ட. மொத்தம் அஞ்சுல ரெண்டுன்னா, அது அரையவிடக் கம்மி. அப்ப தின்ன தோசை எங்க போச்சு?"

யாழினி தட்டைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ... ஆமாம்ப்பா."

அடுத்த தோசையை ஆறு துண்டாக வெட்டினோம். அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு துண்டு. ஆக, ஆறில் ஐந்து. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எதுவும் முழுசாகப் பரிமாறப்படவில்லை. சப்பாத்தி எட்டில் மூன்று, ஆம்லெட் நான்கில் ஒன்று. ஷிப்ட் முடித்துப் பசியோடு வந்த செல்வியின் தட்டில் ஒரு நாள் பன்னிரண்டில் ஏழு ஊத்தப்பம். "மிச்சம் எங்கே?" என்றாள். "அதான் அடுத்த கணக்கு" என்றாள் மகள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் ஷிப்ட் ஆரம்பித்ததும் மெஷினில் வரும் முதல் பீஸ் நேராக குவாலிட்டிக்குப் போகும். அவர்கள் அளந்து பார்த்து ஓகே சொன்னால்தான் உற்பத்தி லைன் ஓடும். செல்வி அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். முதல் தோசை அவள் தட்டுக்கு. உப்பு, முறுகல் எல்லாம் பார்த்து அவள் ஓகே சொல்லும்வரை அடுத்த கரண்டி மாவு கல்லில் விழக் கூடாது. யாழினி பிறந்ததிலிருந்தே இதைத்தான் பார்க்கிறாள்.

மறுதேர்வு நாளான வெள்ளிக்கிழமை காலை பயந்துகொண்டேதான் கிளம்பினாள். தைரியம் சொல்லி அனுப்பினேன். "பயப்படாதம்மா. நம்ம தோசை மாதிரிதான். ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே ஆயிட்டா மத்ததெல்லாம் தானா ஓடும்."

மதியம் போன் வந்ததும் ஸ்கூலுக்கு ஓடினேன். மிஸ் பேப்பரை நீட்டினார். முதல் கணக்கு அச்சடித்த மாதிரி இருந்தது. விடையும் சரி. அதற்குக் கீழே... வெள்ளைப் பேப்பர்.

"ஏம்மா மத்தது போடல?" என்று யாழினியைக் கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் கணக்குக்கு யாருமே ஓகே சொல்லலையேப்பா. கையத் தூக்கிக்கினே இருந்தேன். சூப்பர்விஷனுக்கு வந்த பி.டி. சார், டவுட்லாம் கேக்கக் கூடாது, உக்காருன்னுட்டார். உக்காந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற பி.டி. சாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கோ-கோ கோச் அவர்தான். டீமின் நல்ல ரன்னரை அவரே டியூஷனுக்கு அனுப்ப இருந்தார்.

திக்கித் திணறி முதல் பீஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் வீட்டுக்காரருக்கும் மறைமலை நகரில் கம்பெனி வேலையாம். சிவப்புப் பேனாவை எடுத்து முதல் கணக்கின் பக்கத்தில் 'ஓகே' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"ம்... லைனை ஓட்டு" என்றார்.

ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து மீதியையும் போட்டு முடித்தாள். மிஸ் அங்கேயே திருத்தினார். ஒன்றே ஒன்று ரிஜெக்ட், மற்றதெல்லாம் பாஸ். 'பாஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் யாழினி கிரவுண்டுக்கு ஓடியவள்தான்... அப்பன் ஒருவன் அங்கே நிற்பது ஞாபகமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பி.டி. சாருக்கும்தான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் செல்வியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவ மேல இன்னா தப்பு? ஆபரேட்டர் கரெக்டா நின்னுக்கினு கீறா. இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்த ஆள கூப்ட்டு விசாரிக்கணும்."

விசாரணை இன்னும் முடியவில்லை. இந்தப் பத்தியின் முதல் பாராவை எழுதி அவளிடம்தான் காட்டினேன். வாங்கிப் படித்தாள், ஓகே சொல்லாமலே வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். பத்திரிகை ஆபீஸிலிருந்தோ, எங்கே மேட்டர் என்று போன் மேல் போன்.

ஆகவே, இவ்வளவு நேரம் நீங்கள் படித்தது ஓகே வாங்காமல் ஓட்டிய லைன்.