ஒரே ஒரு வார்த்தைக்காக ஜெபித்தேன்

என் கணவரின் பேச்சு போய் ஏழு மாதம் ஆனபோது, ஆண்டவரிடம் பேசுவதை நானும் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். இதைச் சபையில் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. இன்று சொல்கிறேன். இதை மறைத்தால் ஆண்டவர் எனக்குச் செய்ததில் பாதியை மறைத்ததாகிவிடும்.

என் பெயர் லில்லி. வயது ஐம்பத்தைந்து. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் சாமுவேல் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவர். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவர் எழுந்தால் மைக் வேண்டியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பார். சாம்பாரில் உப்பு குறைந்தால் அதற்கு ஒரு பாடமே எடுப்பார். "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிறகு அதை நினைத்து எவ்வளவு அழுதேன் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பக்கவாதம். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு மட்டும் அடியோடு போய்விட்டது.

"அது... அது..." இந்த ஒன்றுதான் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் அது. ஃபேனை நிறுத்த வேண்டுமென்றாலும் அது. நான் தப்பாகப் புரிந்துகொண்டால் கையில் இருக்கும் தம்ளர் பறக்கும்.

பேச்சுப் பயிற்சி தர வந்த டாக்டரம்மா, "நீங்க சொல்றது எல்லாமே அவருக்குப் புரியுதும்மா. பதில் சொல்ற வழிதான் அடைபட்டிருக்கு. பொறுமையா இருங்க" என்றார். எல்லாம் புரிகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் மெயின் ரோட்டில் காய்கறிக் கடைக்கு அவரை மெல்ல நடத்திக்கொண்டு போனேன். பைக்கில் போன ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார். "சார், என்னைத் தெரியுதா? டுவெல்த் பி செக்‌ஷன், கடைசி பெஞ்ச்!" என் கணவரின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். "அது... அது..." என்றார். அந்தத் தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண் கலங்கி, சார் காலைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றோடு இவர் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அங்கேதான் ஜெபமும். "ஆண்டவரே, பழையபடி பேச வையுங்கள் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். ஒரு தடவை 'லில்லி' என்று கூப்பிட்டால் போதும்." எந்த வார்த்தை வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்து கொடுத்தேன். மாதங்கள் போயின. பதில் இல்லை.

வாரத்தில் மூன்று நாள் ஆட்டோ பிடித்து அவரைக் கீழ்க்கட்டளையில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவேன். உள்ளே அவருக்குப் பயிற்சி நடக்கும் முக்கால் மணி நேரமும் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். மேலே இருந்து ஒரு வாசனை வரும். பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன். நான் இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொள்வேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் அப்பா படுத்துவிட்டார். வீட்டுக்கு மூத்தவள் நான். படிப்பை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனேன். பிறகு கல்யாணம், குழந்தை, வேலை. பென்சிலைத் தொட்டே முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. அதில் வருத்தம்கூட இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் நல்ல வெயில். மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். கையெல்லாம் கறுப்பு மை. "ஆன்ட்டி, எப்பப் பார்த்தாலும் படியிலயே உக்காந்திருக்கீங்க. மேல வாங்க, ஃபேன் இருக்கு" என்றாள். அவள்தான் நிவேதா. அந்த மாடியில் ஓவிய வகுப்பு நடத்துகிறவள். என் மகள் வயதுதான் இருக்கும். போய் உட்கார்ந்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமை காலைகளில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது என்றாள். "நீங்களும் சேரலாமே" என்றாள். சிரித்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

ஆனால் அந்த எண்ணம் போகவில்லை. குளியலறையில் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "நான் கேட்டது என்ன, நீங்கள் என் முன்னால் வைப்பது என்ன?" என்றேன். அன்று மாலை பக்கத்து வீட்டு லலிதா அக்கா கீரை கொடுக்க வந்தார். இந்த ஊர்க்காரர்கள் அவர்கள். எங்கள் தெரு இருக்கும் இடமே ஒரு காலத்தில் அவர்கள் வயல்தான். பேச்சோடு பேச்சாக விஷயத்தைச் சொன்னேன்.

"அட, போய்ட்டு வாயேன் லில்லி. சனிக்கிழம நா சாரோட இருக்கேன். டிவில கிரிக்கெட் போட்டு வுட்டா ரெண்டு பேரும் பாத்துக்கினு இருப்போம். உன் மூஞ்சிய நீயே கண்ணாடில பாத்தியா? நீயும் படுத்துட்டா அவர யாரு பாக்கறது?"

நான் ஜெபிக்கும் தெய்வத்தை அவர் கும்பிடுகிறவர் அல்ல. ஆனாலும் அன்று கர்த்தர் அவர் வாயால்தான் என்னிடம் பேசினார் என்று நம்புகிறேன்.

சேர்ந்தேன். முதல் சனிக்கிழமை அவமானமாகப் போனது. ஒரு கிண்ணத்தை வரையச் சொன்னாள் நிவேதா. கோடு கோணியது. ரப்பரால் அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. சபையில் ஒரு அக்கா, "வீட்டுக்காரர் இப்படி இருக்கும்போது உனக்குப் படம் போட எப்படித்தான் மனசு வருது?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அதே கேள்வியை நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது வாரம் நின்றுவிடலாம் என்று முடிவு செய்துதான் போனேன்.

அன்று நிவேதா பென்சில் எதையும் எடுக்கவில்லை. ஒரு அக்ரிலிக் தகட்டில் மையை ஊற்றி ரோலரால் உருட்டினாள். மேலே ஒரு வேப்பிலையை வைத்தாள். அதன்மேல் தாளைப் போட்டுக் கையால் தேய்க்கச் சொன்னாள். "இதுல அழிக்கறதே கிடையாது ஆன்ட்டி. எப்படி வருதுன்னு உரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

உரித்தேன். இலை இருந்த இடம் வெள்ளையாக, அதைச் சுற்றி மை. ஓரமெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது. நான் திட்டமிட்டது எதுவும் அதில் இல்லை. ஆனால் அழகாக இருந்தது. முதல் வருடம் கல்லூரியில் கற்றதெல்லாம் அச்சுப் பிசகாமல் வரைவதுதான். இது எனக்கு முற்றிலும் புதியது. அன்று மதியம் ஆட்டோவில் திரும்பும்போது நான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அந்த ஏழெட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மையும் ரோலரும் கொடுத்து, வீட்டில் பத்து அச்சு எடுத்து வரச் சொல்லியிருந்தாள் நிவேதா. ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து முருங்கை இலையும் கறிவேப்பிலையும் வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். இவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று இடது கையை நீட்டினார். "அது" என்றார்.

ரோலரைக் கொடுத்தேன்.

உருட்டினார். மை ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் பரவியது. முருங்கைக் கொத்தை அவரே எடுத்து வைத்தார். தாளை நான் போட்டேன். அவர் உள்ளங்கையால் தேய்த்தார். நெற்றியில் வியர்வை. பிறகு ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்து உரித்தோம்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"இன்னொண்ணு."

"என்ன சொன்னீங்க?" என்றேன். அவரும் தன் குரலைக் கேட்டுத் திகைத்துப்போயிருந்தார். தாளைக் காட்டி மறுபடியும் சொன்னார். "இன்னொண்ணு. இன்னொண்ணு."

மை ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் என் முகத்தைப் பார்த்து, வாய் கோணச் சிரித்தார். நான் கேட்ட வார்த்தை அது இல்லை. ஆனால் நான் தேர்ந்தெடுத்திருந்தால் இவ்வளவு நல்ல வார்த்தை எனக்குத் தோன்றியிருக்காது. இன்னொன்று வேண்டும் என்று கேட்கிற மனிதருக்கு வாழ ஆசை இருக்கிறது, இல்லையா?

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பயிற்சியையே எங்கள் மேசைக்கு மாற்றிக்கொண்டார். கை வேலையில் இருக்கும்போது வாய் பதறாமல் இருக்கிறது என்றார். ஒவ்வொன்றாக வந்தது. "மை." "வேணாம்." "போதும்." லலிதா அக்காவைப் பார்த்து ஒரு நாள் "அவுட்" என்றார். கிரிக்கெட்டில்தான்! அக்கா எங்கள் வீட்டுக் கூடத்தில் கை தட்டியது தெருமுனை வரை கேட்டிருக்கும். இப்போது மூன்று நான்கு வார்த்தைகள் சேர்த்துப் பேசுகிறார். என் பெயர் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

நானும் வகுப்பை விடவில்லை. ஒரு வருடப் படிப்பை முடித்தேன். லினோலியம் என்ற ரப்பர் போன்ற தகட்டைச் செதுக்கி அச்செடுக்கக் கற்றேன். இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டேன். கடைசியில் எல்லோருடைய வேலைகளையும் அந்த மாடியிலேயே சுவரில் மாட்டினார்கள். இவர் கைத்தடியோடு படியேறி வந்து ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார். இந்த ஜூலையில் செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும் அடுத்த படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கணவருக்காக அல்ல, எனக்காக. இதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சம் இல்லை. இந்த ஆசையையும் ஆண்டவர்தான் எனக்குள் வைத்தார். முப்பத்தைந்து வருடம் அது காயாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அவருக்கே ஸ்தோத்திரம்.

சகோதர சகோதரிகளே, ஜெபித்து ஜெபித்துக் களைத்துப்போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். பதில் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். நமக்குச் சம்பந்தமே இல்லை என்று தோன்றும் ஒரு மாடிப்படியில்கூட அவர் காத்திருப்பார்.

பேச்சு இழந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். வியாழக்கிழமை மதியம் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். மேசையில் ஆறு பேர் உட்காரலாம். பழைய சட்டை போட்டு வாருங்கள், மை ஒட்டினால் போகாது.