வீட்ல யாரும் இல்லை

எங்க வீட்டுக்காரருக்கு பேக்கரியில ராத்திரி வேலை. ஊர் கண்ணு முழிக்கிற நேரத்துல பிரட்டையும் பன்னையும் வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, புருவமெல்லாம் மாவோட வந்து படுப்பாரு. படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டாரு. யாராவது விடாம தட்டினா மட்டும், கண்ணைத் திறக்காம போர்வைக்குள்ள இருந்தே "வீட்ல யாரும் இல்லை"ம்பாரு. கேட்டா எனக்கு எரியும். ஆனாலும் மனுஷன் தூங்கட்டுமேன்னு காலிங் பெல்லைக் கழட்டி வெச்சதே நான்தான்.

போன தேர்தல்ல வேலை முடிஞ்ச கையோட வரிசையில போய் நின்னாரு. ஓட்டர் லிஸ்ட்ல பேரு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வீடு மாறினதுல பழைய இடத்துல எடுத்துட்டாங்களாம், புதுசா எழுதிக் கொடுக்கணுமாம். கொடுத்தோம். ஆள் அந்த விலாசத்துல இல்லைன்னு தள்ளிட்டாங்க. மறுபடியும் கொடுத்தோம். அதே பதில். என் பேரு இன்னும் அம்மா வீட்டு விலாசத்துலயே கிடக்கு, அது தனி தலைவலி.

எதுக்கும் வாய் திறக்காத மனுஷன் அன்னைக்கு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சிட்டு சொன்னாரு: "ஊரே நான் சுட்டதைத்தான் காலையில சாப்பிடுது. அந்த ஊர்ல நான் இல்லையாம்."

எனக்கு மனசு கேக்கல. மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுட்டு ஆபீஸுக்குப் போய் ஒரு பிடி பிடிச்சேன். கவுண்டர்ல இருந்த அம்மா அசரவே இல்லை. ரெண்டு தடவையும் ஆள் வந்து பார்த்ததாம், கதவு திறக்கலையாம், எதிர்வீட்டுல விசாரிச்சா யாரும் இல்லைன்னு சொன்னாங்களாம். வரப்போற தேர்தலுக்குப் பேரு சேர்க்குற கடைசித் தேதிக்குள்ள இன்னொரு தடவை, வியாழக்கிழமை வருவாங்க, அப்பவும் ஆள் இல்லைன்னா அடுத்த தேர்தலுக்குத்தான் பார்க்கணும்னுட்டாங்க.

எதிர்வீடுன்னா தையல்கார அக்கா. எங்க வீட்டுக்காரர் அவங்களுக்கு கூடப்பிறக்காத தம்பி. கேட்டா கண்ணு கலங்கிடுச்சு. யாரோ சாமான் விக்கிறவங்கன்னு நினைச்சாங்களாம். தம்பி தூங்கட்டும்னு மெஷினை நிறுத்திட்டு ஓடி வந்து அனுப்பி வெச்சாங்களாம். திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல. தலையில அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை நானும் வேலைக்குப் போகல. அவர் தூங்க மாட்டேன்னு வாசல்ல நாற்காலி போட்டு சட்டமா உக்காந்தாரு. டீயைக் குடிச்சாரு, மூஞ்சியைக் கழுவினாரு, மறுபடியும் டீயைக் குடிச்சாரு. சரிபார்க்கிற அதிகாரி தெருமுனையில திரும்பின நேரம் பார்த்து தலை தொங்கிடுச்சு. வாய் திறந்தபடி குறட்டை. அக்கா பழக்கதோஷத்துல வாயில விரலை வெச்சு, அதிகாரியையே சத்தம் போடாதீங்கன்னாங்க.

எனக்குப் பொறுமை போயிடுச்சு. தோளைப் பிடிச்சு உலுக்கினேன். "என்னங்க, எழுந்திரிங்க. ஆள் வந்திருக்கு."

அவர் கண்ணைத் திறக்கல. "வீட்ல யாரும் இல்லை."

பூமி பிளந்து உள்ளே போயிடலாம்னு இருந்துச்சு. அதிகாரி அவரையும் கையில இருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாரு.

"இதைச் சொல்றதுக்காவது ஒரு ஆள் இருக்காரே"ன்னுட்டு பேனாவை எடுத்தாரு. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் திடுக்கிட்டு முழிச்சு, கேக்குறதுக்கு முன்னாடியே பேரையும் வீட்டு நம்பரையும் கடகடன்னு ஒப்பிச்சாரு. கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாரு.

தேர்தல் அன்னைக்கு மாவோடவே போய் ஓட்டு போட்டுட்டு வந்தாரு. மை வெச்ச விரலை நாலு பேருக்குக் காட்டுவாருன்னு பார்த்தேன், பேசாம போய்ப் படுத்துட்டாரு. அந்த ஒரு விரல் மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல யாரோ கதவைத் தட்டினாங்க. நான் எழுந்து போறதுக்குள்ள எதிர்வீட்டுல மெஷின் சத்தம் நின்னுச்சு.

"இருக்காருங்க," அக்கா சொன்னாங்க. "தூங்குறாரு."