இரண்டாவது ஆள்

பயிற்சி முகாமில் எனக்குச் சொல்லித்தந்தவற்றில் பாதியை மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்கவில்லை. பதிவுசெய்த பெரியவர்கள் இருவர் இல்லாமல், சின்னப் பிள்ளைகளுக்கான குருளைச் சாரணர் கூட்டம் நடக்கக் கூடாது. ஒருவர் தனியாகப் பிள்ளைகளோடு நிற்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, ஊருக்கே தெரிந்தவராக இருந்தாலும் சரி. காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞராக இருப்பவள். விதி என்றால் எனக்கு விதிதான். சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலைப் பட்டினத்தில் பாதிப் பெற்றோர் பிள்ளைகளைக் கேற்றடியில் தள்ளிவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். நான் கையை நீட்டி மறிப்பேன். "மற்ற மிஸ் வரட்டும், அதுக்குப் பிறகு போங்கோ" என்பேன். என்னைப் பின்னால் என்னவெல்லாம் திட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மற்ற மிஸ்ஸைத்தான் நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கத்தோலிக்கர். வீட்டில் மெசின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். என் மகன் குருளையாக இருந்த காலத்தில் அவருடைய மகளின் மகனும் இருந்தான். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே தங்கிவிட்டோம். வருடாந்தப் பதிவு, முகாமுக்கு அனுமதி, மாவட்ட ஆணையாளருக்கு அறிக்கை எல்லாம் என் பக்கம். பாட்டு, விளையாட்டு, முழங்கால் உரசினால் மருந்து, தேத்தண்ணி எல்லாம் அவர் பக்கம். சின்னம் வெல்ல வேண்டிய பிள்ளைக்குக் கொடுக்காமல் அழுகிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். பிறகு நான் போய் அதைக் கழற்ற வேண்டும். எத்தனையோ தடவை அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். "சின்னத் துணித் துண்டுதானே தங்கச்சி" என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் இன்னும் கோபம் ஏறும்.

இரண்டு வருடத்துக்கு முதல் அவருக்கு மார்பில் கட்டி என்றார்கள். கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நான் தனி ஆளானேன். கூட்டம் நின்றது.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தெளிவாக எழுதினேன். ஒரே ஒருவர் போதும். ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ப் பதிவுசெய்துகொண்டு, சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மரத்தடியில் இருந்தால் போதும். பாடத் தேவையில்லை, ஓடத் தேவையில்லை. உடனே கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. பெருவிரல்கள் வந்தன. "கடவுள் உங்கட சேவையை ஆசீர்வதிப்பார் மிஸ்" என்று ஒருவர் போட்டார். கடவுள் சனிக்கிழமை பின்னேரம் வந்து இருப்பாரா என்று எழுதிவிட்டு அழித்தேன். கிண்ணியாவில் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பன் மட்டும் தொலைபேசியில் எடுத்து, சனிக்கிழமைதான் தனக்கு வியாபாரம் என்று மன்னிப்புக் கேட்டார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவர் காரணமாவது சொன்னார். அக்காவின் புருசனையும் கேட்டுப் பார்த்தேன். அவர் ஓட்டோ ஓடுகிறவர், அதிகம் கதைக்காத மனிதன். "அவவைப் பாக்கிறதோட என்ர சீவன் போகுது தங்கச்சி. எனக்கு ஏலாது" என்றார். 

நாலைந்து மாதம் கூட்டம் நடக்காவிட்டால் அடுத்த பதிவில் குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதை அக்காவிடம் நான் சொல்லவேயில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை, நாங்கள் வழமையாகக் கூடுகிற பங்குக் கோயில் மண்டபத்து வளவில் சாமான்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பட்டினத்துத் தெருக்களில் திரிகிற மான்கள் இரண்டு உள்ளே வந்து பழைய கடதாசியைத் தின்றுகொண்டிருந்தன, அவற்றைத் துரத்தப் போனபோது ஓட்டோ வந்து நின்றது. புருசன் முதலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இறக்கினார். பிறகு அக்காவை இறக்கினார். பாதியாகிப் போயிருந்தார். தலையில் முக்காடு. சீருடைச் சட்டை தோளில் நிற்காமல் வழுகியது.

"பிள்ளையளை வரச்சொல்லுங்கோ. நான் இருக்கிறன்" என்றார்.

"உங்களுக்கு விசரா அக்கா? இந்த வெயிலுக்க என்ன செய்யப் போறீங்கள்?"

"ஒண்டும் செய்யப் போறேல்லை. இருக்கிறதுதானே வேலை எண்டு நீங்கள் எல்லாருக்கும் எழுதினது. அது எனக்கு ஏலும்."

அப்படித்தான் கூட்டம் திரும்பத் தொடங்கியது. பிள்ளைகள் அவருடைய முக்காட்டைப் பார்த்தார்கள். "அன்ரி, உங்கட தலைமயிர் எங்க?" என்று ஒருவன் கேட்டான். "வெக்கைக்கு வெட்டிப்போட்டன்" என்றார். "இப்ப நீங்கள் என்ன செய்யிறீங்கள்?" என்று அடுத்தவன் கேட்டான். "நான் ரெண்டாவது ஆள். நான் இருந்தாத்தான் உங்கட மிஸ் கூட்டம் தொடங்குவா" என்றார். பிள்ளைகளுக்கு அது பெரிய பதவியாகத் தெரிந்தது. வந்தவுடன் வரிசையில் நின்று அவருக்குச் சாரணர் முறைப்படி இடது கையால் கைலாகு கொடுத்துவிட்டுத்தான் விளையாடப் போவார்கள். அவருடைய வலது கை ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்ததால் அவருக்கும் அது வசதியாக இருந்தது.

நான் முடிச்சுச் சொல்லிக்கொடுப்பேன், கண் அந்தக் கதிரைக்குப் போகும். விளையாட்டு நடத்துவேன், கண் அங்கேதான் போகும். சில நாட்களில் மரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சத்தியெடுக்கிற நேரம் மண்டபத்துக்குப் பின்னால் மெதுவாக எழும்பிப் போய்விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இருப்பார். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. ஓட்டோவில் ஏற்றும்போது சொல்லிவிட்டேன். "காணும் அக்கா. குழுவை எடுக்கிறதெண்டா எடுக்கட்டும். உங்களைச் சாகடிச்சு எனக்கொரு கூட்டம் வேண்டாம்."

அவர் கோபப்பட்டதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். "குழுவுக்காகத்தான் வாறன் எண்டு நினைக்கிறீங்களோ?" என்றார். "வீட்டில எல்லாருக்கும் நான் வருத்தக்காரி. பாக்க வாற சனம் என்னைப் பாத்து அழுகுது. கோயில் சுவாமி வந்தாலும் நோயாளிக்கு உரிய செபம்தான் சொல்லுறார். இங்கமட்டும்தான் நான் ஒரு ஆளெண்டு கணக்கு. அதையும் பறிக்காதேங்கோ தங்கச்சி."

நான் அதன்பிறகு அந்தக் கதையை எடுக்கவேயில்லை. வீட்டுக்குப் போய்க் குசினியில் நின்று அழுதேன். என் புருசன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

தை பிறந்தபோது அவரால் ஓட்டோவில் ஏற முடியவில்லை. முதுகெலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். அப்போது புருசன் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிலை விறாந்தைப் பக்கத்து அறையின் சன்னலோரம் இழுத்துப் போட்டார். முற்றத்தில் கிடந்த பழைய தகரங்களையும் ஓட்டோ ரயர்களையும் அள்ளி ஒதுக்கிவிட்டு, "பிள்ளையளை இங்க கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். நான் ஆணையாளரிடம் இடமாற்றத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கினேன். பெற்றோருக்கும் எழுதினேன். ஒரு தாய், வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையை விட யோசனையாக இருக்கிறது என்றார். "யோசியுங்கோ" என்றேன். அந்தப் பிள்ளை அடுத்த கிழமையே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்து நின்றது.

அக்கா உள்ளே படுத்திருந்தார், நாங்கள் வெளியே கூட்டம் நடத்தினோம். சன்னல் கம்பிக்குள்ளால் அவருடைய முகம் தெரியும். பாட்டில் யாராவது பிழைவிட்டால் கரண்டியால் கம்பியில் தட்டுவார். பிள்ளைகள் வேண்டுமென்றே பிழைவிடத் தொடங்கினார்கள். பிறகு கரண்டி தூக்க ஏலாமல் போய்விட்டது. விரலை அசைப்பார், பிள்ளைகள் அதையே தட்டியதாக எடுத்துக்கொண்டு திரும்பப் பாடுவார்கள்.

கடைசிச் சனிக்கிழமை அவர் முழு நேரமும் நித்திரை. ஊசி மருந்தின் நித்திரை. நித்திரையாக இருக்கிற ஆளை ஆளாகக் கணக்கெடுக்கலாமா என்று என் கச்சேரிப் புத்தி கேட்டது. பயிற்சியில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை. கணக்கெடுத்தேன். முடிகிற நேரத்தில் கண்ணைத் திறந்து, "நடந்ததா?" என்றார். "ஓம் அக்கா, நடந்தது" என்றேன். "நான் இருந்தனான்தானே" என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

வியாழக்கிழமை விடிய முடிந்துவிட்டது. மகனோடு மட்டக்களப்புக்குக் குடிபோயிருந்த மகள் வந்து சேர்ந்தார். அடக்கம் சனிக்கிழமை பின்னேரம் என்று வைத்தார்கள்.

பிள்ளைகளைச் சீருடையில் வரச்சொல்லிக் குழுவில் போட்டேன். ஒரு பிள்ளையும் மிச்சமில்லாமல் வந்தார்கள். தாய்மாரும் வந்தார்கள், தகப்பன்மாரும் வந்தார்கள். முற்றம் நிறையப் பெரியவர்கள். பந்தலுக்குக் கீழே, மதிலோரம், கேற்றடியில், றோட்டுவரை பெரியவர்கள். ஒரு சனிக்கிழமையில் இவ்வளவு பேருக்கு நேரம் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். "இவ்வளவு கடுமை எண்டு எங்களுக்குத் தெரியாது மிஸ், சொல்லியிருக்கலாமே" என்று ஒரு தாய் என் கையைப் பிடித்தார். நான் கையை உருவிக்கொண்டேன். வாய் திறந்திருந்தால் செத்த வீடு சண்டை வீடாகியிருக்கும்.

பெட்டியைக் கட்டில் கிடந்த அதே சன்னலோரம் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலைக்கு மேலே சாரணர் கழுத்துப்பட்டியை மகள் கட்டிவிட்டிருந்தார். பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் முற்றத்தில் எங்கள் வழமையான இடத்துக்குப் போய், நான் ஒன்றும் சொல்லாமலே வட்டமாக நின்றார்கள்.

எல்லோரிலும் சின்னவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மிஸ், தொடங்கேல்லையா?"

"இண்டைக்குக் கூட்டம் இல்லை ராசா."

"ஏன்? ரெண்டு பேரும் இருக்கிறீங்கள்தானே. அன்ரி உள்ளுக்குத்தானே படுத்திருக்கிறா."

அவனுடைய தாய் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை. அவனுக்கு ஒன்றும் விளங்காமல் இல்லை. உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்தவன், கையைத் தொட்டவன், செத்துப்போனார் என்று தெரிந்தவன். நான் சொல்லிக்கொடுத்த விதியை வைத்துத்தான் அவன் கேட்டான். அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பெரியவர்களையும் அவன் கணக்கெடுக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்று விம்மி விம்மி அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "ஓம். இருக்கிறா. தொடங்குவம்" என்றேன்.

கொடியில்லை, கயிறில்லை. மூன்று பக்கமும் சனம் நின்று பார்த்தது. சல்யூட் அடித்தோம். வாக்குறுதியைச் சொல்லத் தொடங்கினோம். பாதியில் என் குரல் உடைந்துவிட்டது, பிள்ளைகள் எனக்காக நிற்காமல் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள். பெரிய பிள்ளைகள் கழுத்துப்பட்டியால் கண்ணைத் துடைத்தார்கள். அவருக்குப் பிடித்த பாட்டை எடுத்தோம். ஒருவரும் பிழைவிடவில்லை. முதலாம் அடி முடிந்து இரண்டாம் அடிக்குப் போகும்போது அக்காவின் புருசன் படியில் வந்து நின்றார்.

"தங்கச்சி, சுவாமி வந்திட்டார். பெட்டியை மூடப் போறம்."

பாட்டு நின்றது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கலையலாம்" என்றேன்.

ஒருவரும் கலையவில்லை. "பாதிதானே முடிஞ்சது மிஸ்" என்றான் சின்னவன்.

"ஓம் ராசா, பாதிதான். இனி நான் ஓராள்தான் இருக்கிறன். அம்மாட்டப் போங்கோ."

கடைசிப் பிள்ளையும் தாயின் கையைப் பிடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, நான் உள்ளே போனேன்.