பிந்தி வந்த ட்ரம்பெற்

நோர்வேயில் யாராவது ஆறு மணிக்குச் சாப்பிட வரச் சொன்னால் ஆறு மணிக்குத்தான் அழைப்புமணியை அழுத்த வேண்டும். ஐந்து நிமிடம் முந்தி வந்தவர்கள் வாசலுக்கு வெளியே, கொட்டுகிற பனிக்குள், கையில் பூங்கொத்தோடு மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார்கள். நான் வந்த முதல் வருடம் அப்படி நின்ற ஒரு தம்பதியை எங்கள் யன்னலால் பார்த்து, ஏதோ கோபதாபம், வீட்டுக்காரர் உள்ளே எடுக்கவில்லை என்று இரக்கப்பட்டேன். இருபத்தாறு வருடங்களில் நானும் அப்படி நிற்கப் பழகிவிட்டேன். பிந்திப் போவதென்பது இங்கே ஏறத்தாழ ஒரு களவு. அப்படிப்பட்ட நாட்டில், போன மார்கழிக்கு முன், ஒரு மனிதர் முப்பது பேருக்கு நடுவில் என்னைப் பார்த்து, "நீ நேரத்துக்கு வருகிறாய். அதுதான் பிழை" என்றார்.

நான் இருப்பது மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலில் பாடுவேன். போலந்துக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் நிறைந்த அந்தப் பாடகர் குழுவில் தமிழச்சி நான் ஒருத்திதான். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு ஊர் மண்டபத்தில் ஒரு ஸ்தூர்பான்ட்டோடு சேர்ந்து பாட எங்களைக் கேட்டார்கள். ஸ்தூர்பான்ட் என்றால் பெரிய ஜாஸ் வாத்தியக் குழு: ஐந்து சாக்ஸபோன், நான்கு ட்ரம்பெற், நான்கு ட்ரொம்போன், பின்னால் பியானோவும் கிற்றாரும் பாஸும் ட்ரம்ஸும். ஆலயங்களிலும் அரங்குகளிலும் தலைமுறை தலைமுறையாக வாசித்துவரும் செவ்வியல் நத்தார் இசையை ஜாஸுக்கு மாற்றி எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் ஸ்டைன். குழுவை நடத்துவதும் முதல் ட்ரம்பெற் ஊதுவதும் அவர்தான். எழுபது வயது, படகுச் சேவையில் இயந்திரக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் ஒத்திகையில் என் நேரத்தைப் பிழை என்ற கையோடு, "லிக் பாக்போ" என்றார் ஸ்டைன் என்னிடம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், பின்னால் படு. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். குரல் பிசகுகிறது, பின்னுக்குப் போகச் சொல்கிறார் என்று நினைத்து, கதிரையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் இருந்தேன். மண்டபமே சிரித்தது. ஸ்டைன் தானே வந்து கதிரையைத் திரும்ப முன்னுக்கு வைத்தார். தாளம் விழுந்த பிறகு, ஒரு மூச்சு பொறுத்து, அதன் முதுகில் சாய்ந்தது மாதிரிச் சுரத்தை வைக்க வேண்டுமாம். காட்டுவதற்காக ட்ரம்பெற்றை எடுத்து ஊதினார். நத்தார்ப் பூசையில் சின்ன வயதிலிருந்து நான் பாடிய மெட்டு. தாளம் முன்னால் போக, சுரம் பின்னால் வந்தது. அந்த மெட்டு அப்படிப் பிந்தி வருவதை நான் அதற்கு முன் ஒரே ஒருவரிடம்தான் கேட்டிருக்கிறேன்.

எங்களுடைய வீடு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், ஊர்காவற்றுறையில், கடலடியில். அன்ரன் அண்ணா என்னைவிட நான்கு வயது மூப்பு. அப்பாவோடு மீன்பிடித் தொழிலுக்குப் போவார். கோயில் வாத்தியக் குழுவில் ட்ரம்பெற் ஊதுவார். கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த கசெற் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் வெளிநாட்டுப் பெரிய பான்ட் ஒன்று நத்தார் இசையை ஜாஸாக வாசித்தது. எங்கள் கோயிலில் ஆர்மோனியத்தோடு விறைத்துக்கொண்டு நிற்கும் அதே மெட்டுகள், அந்தக் கசெற்றில் தோளைத் தளர்த்திக்கொண்டு நடந்து வந்தன. அந்தக் காலம் மின்சாரம் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில்தான் றெக்கோடர் பாடும். என் கை ஓய்ந்தால் பாட்டு இழுபடும். முதலில், "சுத்தடி, விடாதை" என்று கத்துவார். போகப்போகக் கத்துவதை விட்டுவிட்டார். இழுபட்ட இடங்களையும் சேர்த்தே பாடமாக்கினார். அதில் பான்ட்காரர் வேண்டுமென்று பிந்தியது எது, என் கைநோவு எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஊரடங்கால் அந்த வருடம் நத்தார்ப் பூசை பின்னேரமே நடந்தது. சுவாமி, அதாவது குருவானவர், பாலன் யேசுவின் சுரூபத்தைக் கையில் ஏந்தி வர, அண்ணா தனியாக ஊத வேண்டும். ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. ட்ரம்பெற்றைக் காணவில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. பிறகுதான் வந்தது, ஒவ்வொரு சுரமும் ஒரு மூச்சுப் பிந்தி. பாடினவர்கள் தடுமாறினார்கள், சின்னப்பிள்ளைகள் சிரித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார்.

"சுவாமி பாலனைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார். நீ எங்கையடா போனனீ?"

"வந்தனான்தானே அம்மா. கொஞ்சம் பிந்தி வந்தனான்."

அதற்கு அடுத்த வருடம் சண்டையால் தீவே வெறுமையானது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், எட்டுக் குடும்பங்களோடு இருந்தோம். சண்டை கொஞ்சம் அடங்கியது என்று கேள்விப்பட்டு, வலைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று அண்ணா சைக்கிளில் போனார். வேறும் சிலர் அப்படிப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். அண்ணா வரவில்லை. அவரை எங்கே, யார், கடைசியாகக் கண்டார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா அந்தத் துக்கத்தோடே போய்ச் சேர்ந்தார். ஊருக்குள் போக அனுமதி வந்ததும் அம்மா திரும்பிப் போய், கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போட்டு அங்கேயே இருந்துவிட்டார். கடிதத்திலும் தொலைபேசியிலும், "அண்ணா வரேக்கை வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது" என்பார்.

இங்கே, அடுத்த சனிக்கிழமை ஒத்திகையில் தொலைபேசியை மடியில் வைத்து ஸ்டைன் ஊதியதை ஒலிப்பதிவு செய்தேன். ஒரு சொல்லும் எழுதாமல் அம்மாவுக்கு அனுப்பினேன். நத்தார் வருகிறது, தெரிந்த மெட்டு, சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். வேறு நினைப்பு இருந்ததா என்று இப்போது கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை கோயிலுக்குப் போகிற பேருந்தில் இருக்கும்போது அம்மா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அண்ணாவைக் கண்டனீ எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"விடியத் தொடக்கம் அதைத்தான் போட்டுப் போட்டுக் கேக்கிறன். அவன்தான். அந்த இழுவை வேறை ஆருக்கு வரும்?"

"அம்மா, அது இஞ்சத்தை ஆள். வெள்ளைக்காரன்."

"வாசிக்கேக்கை முகத்தை வடிவாப் பாத்தனீயோ? வாயிலை அதை வைச்சிருக்கிற ஆளின்ரை முகம் ஆருக்குத் தெரியும்? அவன் பிந்தித்தானே வாறவன்."

பேருந்து என் தரிப்பைத் தாண்டிப் போய்விட்டது. நான் மணியை அழுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா அழைத்தார். அம்மாவின் மருந்து மாத்திரையெல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர்தான். "கொம்மா கோயிலடியிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. ரெண்டு தாய்மார் படங்களோடை வந்திருக்கினம், ஒராள் புங்குடுதீவிலை இருந்து பஸ் ஏறி வந்தவ. தங்கடை பிள்ளையளும் உங்கை நிக்கினமோ எண்டு உன்னட்டைக் கேக்கட்டாம். எனக்கு அந்தச் சனத்தின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு. நீ ஏதாவது செய்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்த்திகை மாதத்தில் எங்கள் நோர்வேக் கோயிலில் பீடத்தருகே ஒரு கொப்பி வைப்பார்கள். இறந்துபோன உறவினரின் பெயரை எழுதினால் மாதம் முழுவதும் அவர்களுக்காகச் செபிப்பார்கள். பதினொரு வருடங்களாக நான் அதில் அண்ணாவின் பெயரை எழுதி வருகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. முதல்முறை எழுதிவிட்டு உடனே பக்கத்தைப் புரட்டினேன். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை ஒத்திகையின் இடைவேளையில் ஸ்டைனிடம் போய், என் அம்மாவோடு வீடியோவில் ஒரு நிமிடம் பேச முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "நத்தார் வாழ்த்துச் சொல்ல வேண்டுமா? தமிழில் சொல்லித் தா" என்றார். நான் விசயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் 'காணாமல்போனவர்' என்பதற்கு இருக்கும் சொல், தொலைந்த குடைக்கும் அதே சொல்தான். அவர் முதலில் அண்ணா தொடர்பு விட்டுப்போன ஆள் என்று விளங்கிக்கொண்டு, பதிவு அலுவலகத்தில் விசாரித்தாயா என்றார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை அவர் கேட்டுக்கொண்டே ட்ரம்பெற்றைத் துணியால் துடைத்தார், துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நான் என்ன சொல்ல வேண்டும்?"

"உள்ளதை" என்றேன்.

ஊரில் அப்போது பின்னேரம் நான்கு மணி. அம்மா நல்ல சேலை உடுத்து, தலை வாரி, முன் அறைக் கதிரையில் இருந்தார். பின்னால் அந்த இரண்டு தாய்மாரும் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்கள். ஸ்டைன் கமராவுக்கு முன் வந்தார். அம்மா அவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"ஒருக்கா ஊதச் சொல்லு."

ஸ்டைன் நின்றபடியே ஊதினார். அம்மா அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்த இழுவையை ஆரிட்டைப் பழகினவர் எண்டு கேள்."

நான் கேட்டேன். ஸ்டைன் சங்கடப்பட்டார். உண்மை என்னவென்றால், என்றார், மேல்வரிசைப் பல்லைக் கழற்றிக் கட்டுப்பல் வைத்த பிறகு சத்தம் வர நேரமெடுக்கிறது. அதற்கேற்ப எல்லாவற்றையும் பிந்தி வாசிக்கப் பழகினேன், பிறகு எல்லாரும் அதை நல்லது என்றார்கள். நான் மொழிபெயர்த்தேன். அம்மா, "பல்லுக் கட்டினதாலையோ?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனை வருடமோ. ஸ்டைனும் சிரித்தார். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

அவர்களில் ஒருவர் முன்னே வந்து, படத்தைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தார். "பிள்ளை, உவரை ஒருக்காப் பாக்கச் சொல்லு. எங்கையாவது கண்டிருப்பரோ?" மீசை அரும்பிய முகம். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம். ஸ்டைன் பையிலிருந்து வாசிப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தொலைபேசியைக் கையில் வாங்கி, நன்றாகப் பார்த்தார். கண்டுவிடக்கூடும் என்பது போலப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லையாம் அம்மா" என்றேன்.

"ஓம்" என்றார் அந்தத் தாய். படத்தை ஒரு கடைப் பையில் சுற்றத் தொடங்கினார்.

அம்மா இன்னும் ஸ்டைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு எத்தினை வயசு?"

"எழுபது."

"அன்ரனுக்கு இந்தத் தையோடை ஐம்பத்தைஞ்சு" என்றார் அம்மா. "அவனுக்கும் பல்லு விழத் தொடங்கியிருக்கும்."

நான் அதை ஸ்டைனுக்கு மொழிபெயர்க்கவில்லை. அம்மா என்ன சொன்னார் என்று அவர் கேட்டபோது அம்மா அடுத்ததைச் சொல்லிவிட்டார்: "அவர் சாப்பிட்டவரோ எண்டு கேள்." அதை மொழிபெயர்த்தேன். ஸ்டைன், இரண்டு துண்டுப் பாண், மேலே பழுப்புச் சீஸ் என்று விபரமாகச் சொன்னார்.

நிகழ்ச்சி நடந்த ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. நான் பிந்த வேண்டிய இடங்களில் பிந்தினேன். ஸ்டைன் எழும்பித் தனியாக ஊதும் இடம் வந்தபோது பாடகர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. நிலத்தில் சப்பாத்துகள் கொண்டுவந்த பனி உருகிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்காதவரைக்கும் ஊதுவது யாராகவும் இருக்கலாம். அண்ணா, அந்தப் பத்தொன்பது வயதுக்காரர், அந்த நேரம் எனக்கு எவ்வளவு கிட்ட நின்றார் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். கைதட்டல் வந்ததும் போய்விட்டார்.

நத்தாருக்கு அடுத்த ஞாயிறு எனக்கு வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பைகள் கழுவும் அறையில் நிற்கும்போது பிலோமினா அக்கா வீடியோவில் அழைத்தார். ஊரில் பின்னேரப் பூசை. "கொம்மா பூசை ஒப்புக்குடுத்திருக்கிறா, கேள்" என்று குசுகுசுத்துவிட்டுத் தொலைபேசியைப் பீடத்தை நோக்கிப் பிடித்தார். வெளிநாட்டில் வாழும் தன் மூன்று பிள்ளைகளின் சுகத்துக்காகத் தாய் ஒருவர் இந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கிறார் என்று சுவாமி வாசித்தார். அன்ரன். அகுஸ்தீன். மேரி ஜெசிந்தா, அதாவது நான். அகுஸ்தீன் யாரென்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. ஸ்டைன் என்ற பெயர் அம்மாவின் வாய்க்குள் அப்படித்தான் போயிருக்கிறது. அவர் எந்தக் கோயிலுக்கும் போகாத மனிதர். கோயிலில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாருக்கும் அதில் புதினம் தெரியவில்லை. அவர்களுக்கு நாங்கள் மூன்று பேரும் ஒன்றுதான், அங்கே இல்லாத ஆட்கள்.

சனம் முழங்காலில் நின்றது. முக்காடு போட்ட அம்மாவின் முதுகு தெரிந்தது. நானும் முழங்காலில் நிற்கப் பார்த்தேன். ஆனால் அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. முதியோர் இல்லத்தில் ஒருவர் நிலத்தில் இருப்பதைக் கண்டால், விழுந்துவிட்டார் என்று நான்கு பேர் ஓடிவருவார்கள். முழுதாக இறங்கவும் முடியாமல், நிமிரவும் மனமில்லாமல், ஈரக் கையுறையோடு தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி, பாதி மடிந்த முழங்கால்களில் பூசை முடியும்வரை நின்றேன்.