செத்துப்போன தொட்டி

எங்கள் வீட்டுக் கக்கூஸ் தானாகச் சத்தம் போட ஆரம்பித்தது நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், தை மாதத்தில். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் ஏறி வந்து முற்றத்துப் பேரிக்காய் மரத்தை மறைத்திருக்கும். அந்த வெள்ளைக்குள், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ‘மொளக்... மொளக்’ என்று வரும், கொஞ்சம் நிற்கும், அப்பாடா என்று நாம் மூச்சு விடும் நேரம் பார்த்து மறுபடியும் ஒரு ‘மொளக்’ வரும். கதவைத் திறந்தால் ஒன்றும் இருக்காது, கோப்பைத் தண்ணீர் மட்டும் யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல ஆடிக்கொண்டிருக்கும். அந்த மாதம் முழுவதும் நான் கதவைத் திறந்துபோட்டு, அம்மாவை வாசலில் காவலுக்கு நிறுத்திவைத்துத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய, அவ்வளவு பயம்.

வில்பட்டியைத் தாண்டிய சரிவில் எங்கள் வீடு. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. மலையில் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை, ஒன்றின் தலைமேல் ஒன்றாக இருக்கும். எங்கள் வாசலிலிருந்து கை தவறிய பந்து கீழ்வீட்டுத் தகரத்தில்தான் போய் விழும். எங்கள் வரிசையில் முதன்முதலாக ‘செப்டிக் டேங்க்’ கட்டியவர் அப்பா. வீட்டுக்குக் கீழே, கல் அடுக்கிய கரையை ஒட்டித் தொட்டி எழுப்பி, மண் மூடி, மேலே புல் வளர விட்டிருந்தார். உறவுக்காரர்கள் வந்தால் காப்பி கொடுப்பதற்கு முன்பே அங்கே கூட்டிப்போய்க் காலால் தட்டிக் காட்டுவார். “கட்டியாச்சு, இனி தலைமுறைக்கும் கவலையில்ல” என்பார். கட்டினால் மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, கேட்டுத் தலையாட்டிய உறவுக்காரர்களுக்கும் தெரியாது.

அந்தத் தொட்டிக்கு நாங்கள் செய்த கெடுதலை நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம். அதற்கு முந்தின வருடம் அப்பா தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்து, முதுகில் மாட்டும் ‘பம்ப்பை’ எப்போதும்போல வாசல் குழாயடியில் கழுவினார். அந்தத் தண்ணீரை நக்கிய எங்கள் நாய் சாயங்காலத்துக்குள் நுரை தள்ளிச் செத்தது. அம்மா ஆடிப்போய்விட்டாள். “நாளைக்கு என் பிள்ள வாய வச்சா? இனிமே இந்த விசத்தக் கக்கூஸுக்குள்ள ஊத்துங்க, அங்க எவன் வந்து குடிக்கப் போறான்?” என்றாள். அடடா, என்ன புத்தி என்று எல்லோரும் மெச்சினோம். அன்றுமுதல் வாரம் தவறாமல் பம்ப் கழுவிய தண்ணீர் கோப்பைக்குள் போனது. அது போதாதென்று வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அரை பாட்டில் பினாயில் வேறு ஊற்றுவாள்.

தையில் உறைபனி விழுந்து மலைப்புல்லெல்லாம் கருகிப் பழுப்பாகக் கிடந்தபோது, தொட்டிக்கு மேலே மட்டும் புல் கணுக்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. நாலு மூலையும் அளந்து வெட்டியதுபோல, ஒரு ஆள் தாராளமாகப் படுக்கும் அளவுக்கு. தின்ன ஒன்றும் கிடைக்காத அந்த மாதத்தில் எங்கள் பசுவை அங்கே அவிழ்த்துவிட்டால், அது குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே நடந்து வரும். நான் ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அதன்மேல் காலை வைத்தேன். தரை அமுங்கியது, காலை எடுத்ததும் மெதுவாக மேலே வந்தது. ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். ‘அந்த எடத்துல என்னமோ கெடக்கு’ என்று ஊரில் பேச்சு கிளம்ப, அம்மா கதவில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டி, கோப்பைக்கு முன்னால் சூடமும் காட்டினாள். கக்கூஸுக்குச் சூடம் காட்டிய வீடு என்று எங்களுக்கு அப்புறம் வெகுநாள் பெயர் இருந்தது.

சூடத்துக்கும் சத்தம் அடங்காததால், தொட்டியைக் கட்டிய அந்தோணி கொத்தனாரை அப்பா வரவழைத்தார். பட்டப்பகலில்தான் திறந்தார்கள், ஆனாலும் மேகம் சூழ்ந்துகொண்டதால் பத்தடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. கடப்பாரையால் மூடியை நெம்பும்போதே நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். பொத்தியிருக்கவே வேண்டாம், நாற்றமே இல்லை. மருந்து வாடைதான் லேசாக வந்தது. உள்ளே ஒரு வருடமாக நாங்கள் விட்டதெல்லாம் விட்டபடியே விளிம்புவரை மட்டம் கட்டி நின்றது. ஒரு குமிழி இல்லை, ஓர் ஈ பறக்கவில்லை. அந்தோணி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“தொட்டின்னா உசிரு இருக்கணும்ண்ணே. தொறந்தா கரப்பான் செதறி ஓடணும், புழு நெளியணும், நாத்தம் மூஞ்சியில அறையணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் நாம விடுறதத் தின்னு கரைக்குது. இதுல ஒண்ணுமே இல்ல. எதையோ ஊத்திக் கொன்னுபுட்டீங்க. செத்துக் கெடக்கு இது” என்றார்.

பம்ப் கழுவுகிற கதையை அம்மா சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். கரையாத கசடு வழிந்து போய், தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழியை அடைத்துவிட்டதாம். போக வழியில்லாமல்தான் கோப்பை அப்படி முழுங்கிக் கக்குகிறதாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது, பேய் இல்லை. ஆனால் அந்தோணி அதோடு விடவில்லை. குழி அடைத்த பிறகு இத்தனை தண்ணீரும் எங்கே போகிறது என்று கல்கரையைத் தடவிக்கொண்டே கீழே இறங்கினார், ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கை நனைந்திருந்தது. அந்தக் கல்லுக்கு நேர்கீழேதான் கீழ்வீட்டுச் செல்வராணி அக்காவின் ஊற்று.

செல்வராணி அக்கா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றவர்களோடு வந்தவர். கரையிலிருந்து கசியும் ஊற்றுக்குத் தகரம் மடித்துச் சொருகி, அதை அங்கத்திய வழக்கப்படி ‘பீலி’ என்பார். வீட்டில் அவரும், கூலிவேலைக்குப் போகும் புருஷனும், இரண்டு வயது ரவியும். பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் வாசல் வழியாகத்தான் நான் மேலே ஏறவேண்டும். தினமும் மறித்து, “களைச்சு வாற பிள்ளை, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ” என்று பீலித் தண்ணீர் கொடுப்பார். அவர் கையால் வாங்கிக் குடித்தால் எனக்குத் தனி சந்தோஷம்.

“கீழ சொல்லிருங்கண்ணே, பச்சப்புள்ள இருக்கிற வீடு” என்றார் அந்தோணி. அப்பா கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூண்டு பிடுங்கும் சோலி தலைக்குமேல் நின்றது; அதைவிட, ஊரே மெச்சிய தொட்டி ஊற்றைக் கெடுத்தது என்று தெரிந்தால் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. “பத்தே நாளு. பூண்ட எடுத்ததும் லாரியக் கூட்டியாந்து எறச்சுப்புடுவோம். அதுக்குள்ள ஊரக் கூட்டாத அந்தோணி” என்றார். அந்தோணியும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, “அடியே, வாயத் தொறந்த, தொலச்சுப்புடுவேன். அந்தத் தண்ணியயும் குடிக்காத” என்றாள்.

மறுநாள் செல்வராணி அக்கா டம்ளரை நீட்டினார். வாங்கினேன். அவர் ரவியைத் தூக்கத் திரும்பிய நேரம், வேலியோரம் ஊற்றிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ரவிக்கு வயிற்றால் போகிறது என்றார். நாலாம் நாள் நிற்கவில்லை என்றார், கஞ்சித் தண்ணியும் அதே பீலித் தண்ணீரில்தான். ஐந்தாம் நாள் அவன் அழக்கூட இல்லை, கண் உள்ளே போய், அக்காவின் தோளில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பீலியடியில் எப்போதும் கத்தும் தவளைகளின் சத்தம் நின்று எத்தனை நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிடு சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அப்பாவை எனக்கு உயிருக்கு உயிராகப் பிடிக்கும், அவரை ஊர் சிரிக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதனால் பேசாமல் வீட்டுக்கு ஏறினேன். பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆறாம் நாள் மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. அக்கா உள்ளே போய்விட்டார் என்று நினைத்துத் தண்ணீரைச் சாய்த்தேன். அவர் போகவில்லை, இரண்டடி தள்ளி அந்த வெள்ளைக்குள் ரவியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், காலி டம்ளரைப் பார்த்தார், ஈரமாகிக் கிடந்த வேலியோர மண்ணைப் பார்த்தார், அது அன்று ஒருநாள் ஊற்றிய ஈரமில்லை. பிறகு பீலியை, பீலிக்கு மேலே கரையை, அதற்கும் மேலே எங்கள் வீடு இருக்கும் திசையை.

“நீ குடிக்காத தண்ணியவா பிள்ளை, நான் எம்பிள்ளைக்குக் குடுத்தேன்?”

“எங்க கக்கூஸ் தண்ணிதான்க்கா அது” என்றேன் அப்போது. ஆறு நாள் வராத வார்த்தை அப்போது வந்து என்ன செய்ய? நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பிள்ளையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

ரவி பிழைத்தான். டவுன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அசைவில்லாமல் கிடந்து, நாலாம் நாள் பால் கேட்டு அழுதானாம். பூண்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அப்பா ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். அவரை யாரும் உள்ளே வா என்று சொல்லவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. மறுநாள் வெள்ளனே லாரி வந்து தொட்டியை இறைத்தது. அந்தோணி ஊற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் புதிய குழி வெட்டி, தொட்டிக்குள் சாணியைக் கரைத்து ஊற்றினார். மாசி கடைசியில் மூடியைத் திறந்தபோது ஒரு கரப்பான் ஓடியது. அதைப் பார்த்து அம்மா உட்கார்ந்து அழுதாள். செல்வராணி அக்கா அந்த வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை.

இப்போது அந்த வீடு என் பொறுப்பில் இருக்கிறது, இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, துணி சுற்றிய கம்பை விட்டுக் கசடு எத்தனை சாண் என்று பார்க்கிறேன், பாதிக்கு வருமுன் லாரிக்குச் சொல்லிவிடுகிறேன். பினாயில் வாங்குவதில்லை, பம்ப்பை யாரையும் உள்ளே கழுவவிடுவதில்லை. ‘உங்களுக்கு டேங்க் பைத்தியம்’ என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார், செய்துகொள்ளட்டும். கீழ்வீடு இப்போது ஒரு காட்டேஜின் வண்டி நிறுத்தும் இடம். பீலி இருந்த கரையில் சிமெண்டு பூசிவிட்டார்கள்.

போன சித்திரையில், டவுனில் ரவியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஆறடி உயரத்தில் வேன் ஓட்டுகிற மாப்பிள்ளை, எதுவும் தெரியாதவன், “வாங்கக்கா” என்று வாய் நிறையச் சிரித்தான். செல்வராணி அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளைகளை விசாரித்து, தன் கையாலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டத்தில் யார் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நான் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை அவர் திரும்பவேயில்லை, என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.