எதிர் ஜீப்பு போட்ட லைட்டு

எண்பதுகளில் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏலத்தோட்டப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போவேன். அளவுக்கு மீறித்தான் ஆள் இருக்கும். எதிரே இறங்கும் ஜீப்பு பகலில் லைட்டைப் போட்டு அணைத்தால், மேலே போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். உடனே பாதிப் பேரை இறக்கிக் குறுக்குப் பாதையில் ஏறவிட்டு, போலீஸைத் தாண்டியதும் ஏற்றிக்கொள்வோம்.

மழை விட்டிருந்த ஒரு காலையிலும் அப்படித்தான் இறக்கிவிட்டேன். அடுத்த வளைவில் ஒரு போலீஸ்காரர் முள்கொப்பை இழுத்துக்கொண்டு கீழே வந்தார். வண்டிக்குள் எத்தனை பேர் என்று அவர் பார்க்கவே இல்லை.

“குறுக்குப் பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்குப்பா. அடைக்கத்தான் போறேன். யாரும் அதுல ஏறலையே?”

நான் குறுக்குப் பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தவர் கொப்பைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

சரிவில் வேரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களை ஒவ்வொருவராக இறக்கினோம். அவர்களில் பேச்சியக்காவுக்குக் கால் முறிந்திருந்தது. அவரைத் தூக்கி வந்தது அந்தப் போலீஸ்காரர்தான். என்னைக் கண்டதும், அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே மெல்லக் கேட்டார்:

“ஒங்க மேல கேஸு எதுவும் போடலையேண்ணே?”

டீக்கடையில் டிரைவர்கள் போலீஸை ஏசும்போது முன்பெல்லாம் என் குரல்தான் பெரிதாகக் கேட்கும். இப்போது டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.