மல்லிகா பிரித்து வாங்கிய கட்டம்

மீனா, கதிர், ஒரு மாதமாக நம் தையல் கடையை அடைத்துக்கொண்டு கிடந்ததே ஒரு நீளத் துணி, அதை எடுத்துக்கொண்டு சித்தேரி மலைக்குப் போய் வந்ததை எழுதுகிறேன். பரீட்சை என்று நீங்கள் வரவில்லை. ஆனாலும் உங்களுக்கு இது தெரிய வேண்டும்.

வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர்களை நினைத்து, வீட்டுக்கு ஒரு கட்டமாகப் படம் வரைந்து கொடுத்த துணி அது. சேலத்து ஓவிய டீச்சர் ஒருவர் மலையிலும் நம் ஹைவே ஓரத்திலும் அலைந்து சேர்த்தார். நான் ஒன்றாகத் தைத்தேன். ஊர் ஊராகக் கட்டிக் காட்டுவதாக ஏற்பாடு, முதல் ஊர் சித்தேரி. வெளியூரில் உழைக்கிறவர்களும், போன இடத்திலேயே இறந்தவர்களும் அதில் கலந்தே இருந்தார்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அதியமான்கோட்டையில் பஸ் ஏறினோம். கூட வந்தவள் குனி. ஹைவே ஓட்டலில் பாத்திரம் கழுவும் ஒடிசாப் பெண். அவள் தம்பி ஓசூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவன். அவன் அடித்த மேளத்தை அவள் வரைந்திருந்தாள். தருமபுரியில் பஸ் மாறி அரூரில் இறங்கி டீ குடித்தோம். பன்னிரண்டு ரூபாய். என் டீக்கும் சேர்த்துக் குனியே கொடுத்துவிட்டாள்.

மலைப் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "பந்தல் துணிங்களா? யாரு வூட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லீங்க. படம் வரைஞ்ச துணி."

"அப்ப சாப்பாடு கெடையாதுன்னு சொல்லுங்க."

பஸ்ஸே சிரித்தது. வளைவுகள் தொடங்கியதும் குனி கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்தரைக்குச் சித்தேரி. டீச்சர் முன்பே வந்திருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டினோம். சிறப்பு விருந்தினருக்காக அரூரிலிருந்து சாமந்தி மாலை வந்திருந்தது. பன்னிரண்டு மணி ஆகியும் அவர் வரவில்லை. ஊர்க்கவுண்டர் நல்ல மனிதர். "மாலை வாடுதுங்க. வராதவருக்கு எதுக்கு? துணிக்கே போட்டுரலாம்" என்று நடுவில் மாட்டிவிட்டார். எல்லோரும் கை தட்டினோம்.

"யாருங்க மாலை போட்டது? எடுங்க மொதல்ல!"

மல்லிகா என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் கணவர் குடகுக்கு மிளகு பறிக்கப் போனவர். இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. அவர் ஏறும் மூங்கில் ஏணியை அவள் வரைந்திருந்தாள். மாலை சரியாக அந்த ஏணிமேல் தொங்கியது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு நம் பக்கம் மாலை போடமாட்டோம், உங்களுக்கே தெரியும்.

"போன்தான் வரல. எங்கூட்டுக்காரரு உசுரோடதான் இருக்காரு!"

கவுண்டர் முகம் செத்துவிட்டது. "ரோசிக்காம போட்டுட்டம்மா" என்று கழற்றினார். மல்லிகா விடவில்லை. என்னிடம் திரும்பி, "தச்சது நீங்கதானே அண்ணா? என் கட்டத்தப் பிரிச்சுக் குடுத்துருங்க" என்றாள்.

"அந்த எடத்துல வேற துணி வெச்சுத் தைக்கலாமா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"வேணாங்க. ஓட்டையாவே இருக்கட்டும். அவரு வந்தா நானே இதக் கொண்டாறேன்."

பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். அவள் அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாலை பெஞ்சில் கிடந்தது. தொட யாருக்கும் மனம் வரவில்லை. மல்லிகாதான் மேளப் படத்தைக் காட்டி, யாருடையது என்று கேட்டாள். குனியின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். மாலையை எடுத்துக்கொண்டு நேராகக் குனியிடம் போனாள்.

"ஒன் தம்பிக்கு நீ மாலை போட்டியா கண்ணு?"

"இல்ல அக்கா. பாடி ஊருக்குப் போச்சு. எனக்கு லீவு குடுக்கல."

"இந்தா. இப்பப் போடு."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கையும் கழற்றிக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டத்தில் ஒரு இதழ்கூடப் படாமல், மாலையைச் சின்னதாக மடக்கி மேளத்தின்மேல் குத்தினாள் குனி. அப்புறம்தான் அழுதாள்.

மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கினோம். நம் ஹைவேயில் வெளியூர்ப் பையன் யாராவது இறந்தால், ஆம்புலன்ஸ் போகிறவரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். மலையில் அப்படி விடவில்லை.

துணி அடுத்து கம்பைநல்லூருக்குப் போக வேண்டும் என்பதால் என்னோடே வந்தது. மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் கடையில் தனியாக அதை விரித்தேன். ஓட்டையின் ஓரம் நூல் பிரியத் தொடங்கியிருந்தது. ஓரத்தை வெட்டாமல் உள்ளே மடித்தேன். மெஷினில் வைக்கவில்லை. நூலை இழுத்தால் உடனே பிரிந்துவரும்படி, கையால் நெகிழ்வாகத் தைத்து வைத்தேன்.